தீக்குச்சியும் வால்டியூபும் போதும்!

நர்மதைக் கரையில் இருக்கிறது மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் (இப்போது நர்மதாபுரம்). 1972-ல் இந்த மாவட்டத்தின் 16 நடுநிலைப் பள்ளிகளில், ‘அறிவியலை மனப்பாடம் செய்ய வேண்டாம், செய்து பார்க்கட்டும்’ என்று ஒரு திட்டம் தொடங்கியது. முன்னின்றவை கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் மையம் என்ற இரண்டு தொண்டு அமைப்புகள்.

கிராமத்துப் பள்ளியில் ஆய்வகத்துக்கு எங்கே போவது? 1978-ல் லாரி தொழிற்சாலை வேலைக்கு விடுப்பு போட்டுவிட்டு இங்கே வந்த பொறியாளர் அரவிந்த் குப்தா, தீக்குச்சியையும் சைக்கிள் வால்டியூபையும் கையில் எடுத்தார்.

மிக எளிது. மருந்தைச் சுரண்டிய இரண்டு தீக்குச்சிகளை ஒரு சிறு வால்டியூப் துண்டின் இரு முனைகளிலும் செருகினால் ஒரு மூட்டு தயார். இப்படி மூன்று குச்சிகளை இணைத்தால் முக்கோணம். விரலால் அழுத்தினாலும் வடிவம் மாறாது. நான்கு குச்சிகளில் சதுரம் செய்து லேசாகத் தள்ளினால், ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். இரண்டு எதிர் மூலை மூட்டுகளில் முள்ளால் துளையிட்டுக் குறுக்கே ஒரு குச்சியைச் செருகினால் சதுரம் விறைப்பாக நிற்கும். (அதற்குத் தீக்குச்சி எட்டாது, துடைப்பக் குச்சிதான் சரி. ஏன் எட்டவில்லை என்று பிள்ளை கேட்டால், அது அடுத்த பாடம்!) ரயில் பாலத்திலும் மின்கோபுரத்திலும் ஏன் அத்தனை முக்கோணங்கள் என்பதை இதற்குப் பிறகு யாரும் விளக்கத் தேவையில்லை.

இப்படிப்பட்ட செய்முறைகள் எல்லாப் பாடநூல்களிலும் நாலைந்து இருக்கத்தான் செய்கின்றன. ‘பரீட்சைக்கு வராது’ என்று வகுப்பில் தாண்டிவிடுவார்கள். ஹோஷங்காபாத்காரர்கள் கைவைத்தது அந்தப் பரீட்சையில்தான். எட்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் புத்தகத்தையும் நோட்டையும் பார்த்தே எழுதலாம். ஆனால், கேள்விக்கான பதில் அதில் நேராக இருக்காது, யோசிக்க வேண்டும். செய்முறைக்கும் மதிப்பெண் உண்டு. பிள்ளைகளின் சந்தேகங்களுக்குப் பதில் போட ‘சவாலிராம்’ என்று ஒரு கற்பனை மனிதர் வேறு. ‘சவால்’ என்றால் இந்தியில் கேள்வி. அவர் பெயருக்குக் கடிதங்கள் வந்தன.

1978-ல் மாவட்டம் முழுக்கப் பரவிய திட்டம், பிறகு பக்கத்து மாவட்டங்களுக்கும் போனது. 1982-ல் தொடங்கிய ‘ஏகலவ்யா’ அமைப்பு அதை ஏற்று நடத்தியது. முப்பது வருடங்கள் ஓடிய பிறகு, 2002-ல் மாநில அரசு நிறுத்திவிட்டது. ஆசிரியர்களை விடுமுறையில் பழக்கி, புத்தகம் எழுதி, பரீட்சையையும் மாற்றிய இத்தனை பேரின் உழைப்பு ஓர் அரசு முடிவோடு பள்ளியை விட்டு வெளியேறியது.

குப்தா தொடர்ந்து குப்பையிலிருந்து அறிவியல் பொம்மைகள் செய்தார். 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவருடைய பொம்மைகளின் செய்முறைகளை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.