பண்டிப்பள்ளு கேட்ட வயல்கள்

வன்னியில் பாட்டு மேடைக்கு வருமுன் வயலில் இருந்தது. காட்டுப்பன்றி நெல்லை உழக்கிவிடாமல் இரவிரவாகக் காவல் கொட்டிலில் இருந்தவர்கள், நித்திரையை விரட்டப் பாடினார்கள். பன்றிக்குப் பண்டிப்பள்ளு, கதிர் கொத்தும் குருவிக்குக் குருவிப்பள்ளு. அரிவு வெட்டவும் சூடு மிதிக்கவும் தனித்தனிப் பாட்டு. குமுளமுனையில் மதயானையை அடக்கிய அரியாத்தையைப் பொறாமைக்காரர் நஞ்சிட்டுக் கொன்றார்கள் என்பது கதை. அவள் பேரில் பாடப்பட்ட ஒப்பாரிதான், என்னைக் கேட்டால், வன்னிப் பாட்டுகளில் தலையாயது.

பிறகு யுத்தம். 1990களின் பொருளாதாரத் தடையில் பற்றறிகூட வரவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோ மின்சாரத்தில் வானொலி பாடியது. கை ஓய்ந்தால் பாட்டும் ஓயும். ‘புலிகளின் குரல்’ வானொலி வழியே பாடகர் எஸ்.ஜி.சாந்தனின் குரல் வீடுவீடாகப் போனது அப்படித்தான். 2009 மே மாதம் யுத்தம் முடிந்தபின் அந்தப் பாட்டுகளின் ஒலிநாடாக்களை வீட்டில் வைத்திருக்கவே சனம் பயந்தது. சாந்தன் 2017இல் காலமானார்.

இன்று வெட்டு மெசின் இறங்கினால் அரைநாளில் வயல் வெறும் ஒட்டு. அந்த இரைச்சலுக்குள் யார் பாட? கோயில் திருவிழாவில் கீபோர்ட்டும் ட்ரம்ஸும் சினிமாப் பாட்டுமாக இசைக்குழு விடியும்வரை நிற்கிறது. பெடியள் தாங்களே எழுதிப் பாடி யூடியூப்பில் ஏற்றுகிறார்கள். அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் மட்டும் அசையவில்லை. பாக்குத்தெண்டல், கடல்நீரில் எரியும் விளக்கு, வைகாசிப் பொங்கலன்று பறை, சிலம்பு கூறல் என எல்லாம் அதனதன் முறைப்படி நடக்கின்றன. நேர்த்தியோடும் குடும்ப உரிமையோடும் கட்டுண்டதால் அவை தப்பின. ஆனால் பறையடித்தவர்களைச் சாதி சொல்லி ஒதுக்கியதும் நாங்கள்தான். அவர்களின் பிள்ளைகள் பறையைத் தொடாமல் விட்டால் அவர்களைக் குறைசொல்ல எங்களுக்கு வாயில்லை.

செ. மெற்றாஸ்மயில் போன்றவர்கள் வன்னிவள நாட்டுப் பாடல்களைத் தேடித் தொகுத்ததால் சொற்கள் அச்சில் தப்பின. மெட்டு அச்சில் ஏறாது. அது இன்னும் முள்ளியவளையிலும் குமுளமுனையிலும் ஒட்டுசுட்டானிலும் எண்பதைத் தொட்ட சிலரின் தொண்டையில் இருக்கிறது. உங்கள் அம்மம்மாவோ அப்பப்பாவோ அப்படி ஒருவராக இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் இருந்து பாடச் சொல்லிப் போனில் பதிந்துவிடுங்கள்.