கோல் வறட்சியும் குதிரை உதையும்

2011 ஜனவரி 31. இங்கிலாந்தின் கால்பந்துக் கழகங்கள் அந்தக் குளிர்காலத்தில் ஆட்டக்காரர்களை வாங்கவும் விற்கவும் கடைசி நாள். லிவர்பூல் கழகத்தின் முன்கள வீரரான ஸ்பெயின் நாட்டு ஃபெர்னாண்டோ டோரஸை லண்டனின் செல்சீ கழகம் 5 கோடி பவுன் கொடுத்து வாங்கியது. பிரிட்டனில் அதுவரை எந்த ஆட்டக்காரருக்கும் அத்தனை பெரிய விலை கொடுக்கப்பட்டதில்லை. செல்சீ சட்டையில் அவர் முதன்முதலில் களம் இறங்கியது பிப்ரவரி 6-ஆம் நாள். எதிரணி, பழைய லிவர்பூலேதான்! செல்சீ 0-1 என்று தோற்றது. அந்தப் பருவம் முடிவதற்குள் செல்சீக்காக 14 லீக் பந்தயங்களில் டோரஸ் ஆடினார். அடித்த கோல் ஒன்றே ஒன்று.

ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? மூன்று கட்சிகளாகப் பிரிந்தார்கள். "முழங்காலில் அறுவை செய்துகொண்ட பின் பழைய வேகம் இல்லை, ஃபார்ம் போய்விட்டது" என்றது ஒரு கட்சி. "ஆள் அதே ஆள்தான், செல்சீயின் ஆட்ட உத்தி அவருக்குப் பொருந்தவில்லை" என்றது இன்னொன்று. "எல்லாம் நேரம், ஒரு கோல் விழட்டும், பிறகு மழைதான்" என்றது மூன்றாவது.

மூன்றாம் கட்சியைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும், கணக்குப் போட்டுச் சோதிக்கத்தக்க வாதம் அது ஒன்றே. அதற்கு நாம் கால்பந்து மைதானத்தை விட்டுக் குதிரை லாயத்துக்குப் போக வேண்டும்.

1898-இல் போர்ட்கீவிச் என்ற புள்ளியியல் அறிஞர் ஒரு விசித்திரமான கணக்கை வெளியிட்டார். பிரஷ்ய நாட்டுப் படையில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் கணக்கு அது. 10 படைப் பிரிவுகள், 20 ஆண்டுகள். ஆக 200 பதிவுகள். அவற்றில் மொத்தச் சாவு 122. அதாவது ஒரு பிரிவுக்கு ஓர் ஆண்டில் சராசரி 0.61. ஆனால் சாவுகள் சீராகப் பங்கிட்டுக்கொண்டு வரவில்லை. 109 பதிவுகளில் ஒருவரும் சாகவில்லை, 65-இல் ஒருவர், 22-இல் இருவர், 3-இல் மூவர், ஒரே ஒரு பதிவில் நால்வர்! நான்கு பேரைப் பறிகொடுத்த பிரிவின் தளபதியை மேலதிகாரிகள் என்ன பாடு படுத்தியிருப்பார்களோ! அந்த ஆண்டு குதிரைகளுக்கு வெறி பிடித்துவிட்டது என்றுகூடச் சொல்லியிருக்கலாம்.

குதிரைகள் மேல் குற்றமில்லை. பிரெஞ்சுக் கணித மேதை பாய்சான் முன்னமே ஒரு சூத்திரம் கண்டிருந்தார். ஒரு நிகழ்ச்சி நடப்பதற்கு வாய்ப்புகள் மிகப் பல, ஒவ்வொரு வாய்ப்பிலும் அது நடக்கும் நிகழ்தகவு மிகச் சிறிது, ஒன்று நடந்ததால் மற்றொன்று கூடுவதுமில்லை, குறைவதுமில்லை என்றால், சராசரி ஒன்று தெரிந்தாலே போதும். எத்தனை பதிவுகள் வெறுமையாக இருக்கும், எத்தனையில் ஒன்று, எத்தனையில் இரண்டு என்று சொல்லிவிடலாம். 0.61 என்ற சராசரிக்குச் சூத்திரம் தரும் விடைகள்: வெறுமை 109, ஒன்று 66, இரண்டு 20, மூன்று 4. படைப் பதிவேட்டை ஒளிந்திருந்து பார்த்தது போல இல்லையா?

இனி மைதானத்துக்குத் திரும்புவோம். டோரஸ் லிவர்பூலில் 102 லீக் பந்தயங்களில் 65 கோல் அடித்தார். சராசரி 0.64. குதிரை உதையின் சராசரிக்கு எவ்வளவு அருகில்! முன்கள வீரர் பந்தைத் தொடுவதும் குதிரை கால் தூக்குவதும் ஒருவகையில் ஒன்றே. பல முறை நடக்கும், அரிதாகவே விளைவு உண்டாகும். 0.64 சராசரி உள்ள மிகச் சிறந்த வீரர்கூட 100-க்கு 53 பந்தயங்களில் கோல் இன்றியே வீடு திரும்புவார் என்கிறது சூத்திரம்.

இதை நீங்களே சோதிக்கலாம். ஒரு காசை 38 தடவை சுண்டுங்கள்; இங்கிலாந்து லீக்கில் ஓர் அணிக்கு ஒரு பருவத்தில் அத்தனை பந்தயங்கள். தலை விழுந்தால் கோல் அடித்த நாள், பூ விழுந்தால் அடிக்காத நாள். பெரும்பாலும், தொடர்ந்து நான்கு பூவாவது ஓரிடத்தில் வந்து நிற்கும். நான்கு பந்தயம் கோல் இல்லை என்றதும் "ஃபார்ம் போயிற்று" என்று எழுதும் விளையாட்டு நிருபர்கள் வாரம் ஒரு முறை இதைச் செய்து பார்க்கலாம்.

ஆனால் 14 பந்தயத்தில் ஒரே கோல்? பழைய சராசரிப்படி ஒன்பது கோல் வந்திருக்க வேண்டும். வெறும் நேரக் கோளாறால் அது ஒன்றோ பூஜ்யமோ ஆகும் நிகழ்தகவு ஏறத்தாழ 750-க்கு ஒன்று. மூன்றாம் கட்சி இங்கே வழுக்குகிறது. (அந்த 14-இல் பாதி ஆட்டத்தில் மாற்று வீரராக இறங்கியவையும் உண்டு. நிமிடக் கணக்கில் பார்த்தால் இந்த எண் சற்றுத் தளரும், தலைகீழாக மாறிவிடாது.)

அப்படியானால் செல்சீயில்தான் கெட்டாரா? பருவம் பருவமாகப் பிரித்துப் பாருங்கள். லிவர்பூலில் 2007-08-இல் 33 பந்தயம், 24 கோல். அடுத்து 24-இல் 14. அதற்கடுத்து 22-இல் 18. விற்கப்படுவதற்கு முந்தைய அரைப் பருவத்தில் 23-இல் 9 மட்டுமே. சராசரி 0.39-க்கு இறங்கிவிட்டது! செல்சீ வாங்கியது 0.64 டோரஸை அன்று, 0.39 டோரஸை. விலை மட்டும் பழைய டோரஸின் விலை. இந்தப் புதிய சராசரியோடு ஒப்பிட்டால் 14-இல் ஒரு கோல் என்பது 37-க்கு ஒன்று என்ற நிகழ்தகவு. அரிதுதான், ஆனால் அதிசயமில்லை.

அடுத்த மூன்று பருவங்கள் வழக்கை முடித்தன. 96 பந்தயம், 19 கோல், சராசரி 0.2. இந்தச் சராசரியுள்ள வீரர் ஏதாவது 14 பந்தயங்களில் ஒரு கோலோடு நின்றுபோவது ஏறக்குறைய நான்கில் ஒரு தடவை நடக்கும். ஆகவே முதல் பருவத்தின் வறட்சியில் கொஞ்சம் துரதிருஷ்டமும் கலந்திருக்கலாம். ஆனால் அடியில் நீர்மட்டமே இறங்கியிருந்தது.

இறக்கியது முழங்காலா, உத்தியா? இங்கேதான் கணக்கு கைவிரிக்கிறது. 2010-இல் நான்கு மாதங்களுக்குள் இரண்டு முறை அவர் முழங்காலில் அறுவை நடந்தது. அதே ஆண்டுக் கோடையில் லிவர்பூலின் பயிற்சியாளர் பெனிட்டஸ் விலகினார். பெனிட்டஸின் அணியில், தற்காப்புக்குப் பின்னால் திறந்து கிடக்கும் வெளியில் டோரஸ் பாய்வார். ஜெரார்டு பந்தை அங்கே அனுப்புவார். செல்சீயை எதிர்த்த அணிகளோ பெரும்பாலும் தம் கோல் வாயிலிலேயே குவிந்து நின்றன. பாய வெளி இல்லை. இரு காரணங்களும் ஒரே காலத்தில் சேர்ந்து வந்தால் எது எவ்வளவு என்று பிரிக்க, ஒரே முழங்காலோடு இரண்டு அணிகளிலும் ஆடும் இன்னொரு டோரஸ் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்குச் செய்வதை மனிதருக்குச் செய்ய முடியாது. என் சாய்வு முழங்கால் பக்கம். ஆனால் இதை நிறுவச் சொன்னால் முடியாது.

செல்சீக்காக லீக்கில் 32 பந்தயங்களில் 6 கோல் மட்டுமே அடித்த அந்த 2011-12 பருவம் முடிந்ததும் ஐரோப்பியக் கோப்பைப் போட்டி வந்தது. டோரஸ் 3 கோல் அடித்தார். இரண்டு அயர்லாந்துக்கு எதிராக ஒரே பந்தயத்தில், ஒன்று இத்தாலியுடனான இறுதிப் பந்தயத்தில். மூன்று கோல் அடித்தவர்கள் மொத்தம் ஆறு பேர். அவர்களுள் ஜெர்மனியின் கோமஸும் டோரஸும் பிறருக்குக் கோல் அமைத்துக் கொடுத்ததிலும் சமம். முடிவில், குறைந்த நிமிடங்களே களத்தில் இருந்தவர் என்பதற்காகத் தங்கக் காலணி டோரஸுக்குக் கிடைத்தது. ஃபார்ம் திரும்பிவிட்டது என்று அன்று பலர் கொண்டாடினார்கள். அடுத்த லீக் பருவத்தில் 36 பந்தயம், 8 கோல்.