சுவிட்சு எட்டாதவர்களுக்கு

பழவங்காடிப் பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைக்கும் ஓசை கேட்கும் தூரத்தில்தான் எங்கள் வீடு. பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்த என் அத்தை ஒருநாள் காலையில் சொன்னார்: "ராத்திரி ஒரே குளிருப்பா. ஃபேனை நிறுத்த உன்னை எழுப்பணுமேன்னு அப்படியே கிடந்தேன்."

இந்தத் தயக்கத்துக்கு விடை தேடியவர்களில் முன்னோடி இங்கிலாந்தின் ரெக் மேலிங். 1960களின் தொடக்கத்தில், ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனை நோயாளிகளுக்காக 'பாசம்' என்ற கருவியை உருவாக்கினார். கைகால் அசையாதவரும் குழாயில் ஊதியோ உறிஞ்சியோ விளக்கு, வானொலி, அழைப்புமணியை இயக்கலாம். லத்தீனில் அச்சொல்லுக்கு 'என்னால் முடியும்' என்று பொருள்.

இன்றும் தத்துவம் அதுவே. மூச்சு, விரலசைவு, குரல் என ஏதேனும் ஒரு சைகையைக் கருவி வாங்கிக்கொண்டு, ரிலே மூலம் மின்சாரத்தைத் திறக்கும் அல்லது மூடும். ஒரே பொத்தான் போதும்: பலகையில் விளக்கு, விசிறி, மணி ஒவ்வொன்றாக ஒளிரும், வேண்டியது வரும்போது அழுத்தலாம்.

நாங்கள் முதலில் குரலுக்கு இயங்கும் கருவி வாங்கினோம். அத்தையின் குழறல் அதற்குப் புரியவில்லை. இணையம் போனால் அதுவும் ஊமை. கடைசியில் கைகொடுத்தது ரிமோட் உள்ள மின்விசிறி. ரிமோட்டை இடக்கைப் பக்கம் கட்டிலில் நாடாவால் கட்டிவிட்டோம்.

ஆகவே, கருவியைப் பார்க்குமுன் நோயாளிக்கு நிச்சயமாக வரும் அசைவு எது என்று பாருங்கள். நம் ஊர் ஆக்குளத்திலுள்ள 'நிஷ்' நிறுவனத்தில் துணைக்கருவிகளுக்கென்றே ஒரு பிரிவு உண்டு, விசாரிக்கலாம்.

"நேத்து ராத்திரி மூணு தடவை நானே நிறுத்தினேன்" என்கிறார் அத்தை இப்போது.