இடுப்பு சுமக்கும் கணக்கு

தெல்தோட்டைக்கு மேலேயுள்ள லூல்கந்துரவில் 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இலங்கையின் தேயிலைத் தொழில் அங்கிருந்துதான் வளர்ந்தது. அந்த மலைகளில் இன்றும் கொழுந்து பெண்களின் உடம்பிலேயே ஏறி இறங்குகிறது. தலையில் மாட்டிய கயிற்றிலிருந்து சாக்கு முதுகில் தொங்கும். அந்தப் பாரம் கழுத்தையும் முதுகையும் கடந்து இடுப்பில் சேர்கிறது. அங்கே அது எவ்வளவாகிறது என்பதை நிறுவைத் தராசு காட்டாது.

இடுப்பு ஒரே எலும்பு அல்ல. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இடுப்பெலும்புகள் முன்னால் குருத்தெலும்பால் இணைகின்றன. பின்னால் அவற்றின் நடுவே ஐந்து முள்ளெலும்புகள் ஒட்டிப்போய் உருவான திருவெலும்பு ஆப்பு போல இறங்கியிருக்கிறது. முதுகெலும்பு இறக்கும் பாரத்தை வாங்கி, இரு பக்கத்துக் கிண்ணங்களுக்கும் பிரித்து அனுப்புவது அதுதான். அந்தக் கிண்ணங்களில்தான் தொடையெலும்பின் உருண்டைத் தலை பொருந்துகிறது.

இரண்டு காலிலும் நிற்கும்போது பாரம் சரிபாதியாகப் பிரியும். ஆனால், நடப்பதென்றால் ஒவ்வோர் எட்டிலும் ஒரு காலில் நிற்பதுதான். அப்போது தூக்கிய காலின் பக்கம் இடுப்பு சரியப் பார்க்கும். ஊன்றிய காலின் பக்கத்திலுள்ள பிட்டத் தசைகள் அதை இழுத்துப் பிடிக்கின்றன. உடம்பின் பாரம் மூட்டிலிருந்து ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் தள்ளி அழுத்துகிறது. தசை இழுப்பதோ மூட்டிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் தள்ளித்தான். அதனால் தசை இரண்டு மடங்கு இழுக்க வேண்டும். பாரம், தசையின் இழுப்பு இரண்டுமே மூட்டின் மேல்தான் விழுகின்றன. நடுமுதுகில் 15 கிலோ கொழுந்து இருந்தால், மூட்டில் கூடுவது ஏறக்குறைய 45 கிலோ.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. செயற்கை இடுப்பு மூட்டுக்குள் உணர்கருவி பொருத்தி, ஜெர்மனியின் கியோர்க் பெர்க்மன் குழுவினர் 2001இல் அளவுகளை வெளியிட்டனர். வெறுங்கையோடு சமதரையில் நடந்தாலே மூட்டில் விழும் விசை உடல் எடையைப் போல் சுமார் 2.4 மடங்கு, படியிறங்கும்போது சுமார் 2.6 மடங்கு. தேயிலை மலையில் சமதரை எங்கே இருக்கிறது?

அதே 15 கிலோவை ஒரு கையில் தூக்கினால், எதிர்ப்பக்கக் கால் ஊன்றும்போது அந்த மூட்டில் 100 கிலோவுக்கு மேல் கூடும். நடுமுதுகில் சுமக்கும் வழக்கம் இடுப்பைக் காக்கிறது. அதற்கான விலையைக் கழுத்து கொடுக்கிறது.

கர்ப்ப காலத்தில் ஹார்மோன்கள் இடுப்பு வளையத்தின் இணைப்பு நார்களைத் தளர்த்துகின்றன. பிரசவத்துக்கு அந்தத் தளர்ச்சி வேண்டும். ஆனால், வளையத்தின் இறுக்கம் குறைந்திருக்கும் அந்த மாதங்களில் பாரம் ஏற்றினால், இடுப்பின் முன்னும் பின்னும் வலி கூடும்.

ஆகவே கர்ப்பிணிகளின் முதுகில் சாக்கு ஏறவே கூடாது. மற்றவர்களுக்கு நிறுவை அடிக்கடி நடக்க வேண்டும். அதுவும் கொழுந்து பறிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே நடக்க வேண்டும். சாக்கில் 5 கிலோ குறைந்தால், ஒவ்வோர் எட்டிலும் இடுப்பு மூட்டில் 15 கிலோ குறைகிறது. தோட்டத்தை நடத்துகிறவர்கள் இந்தக் கணக்கையும் தங்கள் கணக்கில் சேர்க்க வேண்டும்.