பழைய ஜீப்புக்குப் புதுக் கண்!

சேத்தியாத்தோப்பில் சர்க்கரை ஆலை இருக்கிறது. கரும்பு வெட்டும் காலத்தில் டிராக்டர்கள் இரவிலும் சாலையில் ஊர்ந்து போகும். பின்விளக்கு இல்லாத வண்டி இருளோடு இருளாக நிற்கும். பழைய ஜீப்பின் மங்கிய வெளிச்சத்தில் அது தெரியுமா?

எல்லோரும் பல்பைத்தான் குறை சொல்வார்கள். உண்மைத் திருடன் கம்பி! மெல்லிய பழைய கம்பியிலும் துருவேறிய இணைப்பிலும் மின் அழுத்தம் பாதியில் குறைந்துவிடுகிறது.

12 வோல்ட் ஜீப்பில் 60 வாட் ஹாலஜன் பல்புகள் இரண்டு எரிந்தால் 10 ஆம்பியர் ஓடும். பழைய சுவிட்சு சூடாகிக் கருகலாம்.

இதற்கு மருந்து, ‘ரிலே’ என்னும் சிறு பெட்டி. சுவிட்சு அதற்கு உத்தரவு மட்டும் போடும். மின்சாரமோ பேட்டரியிலிருந்து தடித்த கம்பி வழியாக நேரே விளக்குக்குப் போகும். ‘பிரைட்’டுக்கு ஒன்று, ‘டிம்’முக்கு ஒன்று என 2 ரிலே போதும்.

வீட்டிலேயே செய்யலாம். முதலில் பேட்டரியின் எர்த் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். பேட்டரி அருகே பியூஸ் அவசியம். 60 வாட்டுக்கு மேற்பட்ட பல்பு வேண்டாம்.

கடைசியில், சமதரையில் சுவருக்கு எதிரே ஜீப்பை நிறுத்த வேண்டும். ‘டிம்’ வெளிச்சம் விளக்கின் உயரத்துக்குக் கீழே விழ வேண்டும். எதிரே வருபவரின் கண் கூசினால், நம் வெளிச்சமே அவருக்கு இருட்டு!