வளைந்த கைப்பிடியும் மாதத் தவணையும்

ஞாயிற்றுக்கிழமை விடியலில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போனால், தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, முதுகை வளைத்துக் குனிந்து சைக்கிளில் பறக்கிறவர்களைப் பார்க்கலாம். அதைப் பார்த்துவிட்டுப் புதுவையின் மண்ணாடிப்பட்டுக்குத் திரும்பும் பிள்ளைக்கு அந்தச் சைக்கிள் மீது ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ரேஸ் சைக்கிள் என்று நாம் சொல்லும் அந்த வண்டியின் விலை ஏறக்குறைய 30,000 ரூபாயில் ஆரம்பிக்கிறது. கொஞ்சம் நல்லதாகக் கேட்டால் 50,000. அதற்கு மேல் லட்சங்கள். விலையைக் கேட்டு முகம் சுருங்கியதுமே கடைக்காரர் சொல்வார்: "இ.எம்.ஐ. போட்டுக்கலாம் தம்பி." அதற்குத் தலையாட்டும் முன், இந்த இயந்திரம் எதற்காக இவ்வளவு காசு கேட்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் காற்று. சமதளத்தில் சைக்கிள் ஓட்டுபவரின் பெரிய எதிரி அதுதான். மணிக்கு 10 கிலோமீட்டரில் போகும்போது அது தெரிவதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் காற்று தடுக்கும் விசை நான்கு மடங்காகிறது; அதை எதிர்த்து மிதிக்கத் தேவையான திறன் எட்டு மடங்காகிறது. வேகம் 25, 30 என்று ஏறும்போது நம் உழைப்பில் பெரும்பகுதியைக் காற்றே தின்றுவிடுகிறது. அதைத் தின்ன வைப்பது சைக்கிளைவிட நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் நம் உடம்புதான். ஆட்டுக்கொம்பு போலக் கீழே வளையும் கைப்பிடி அதற்காகவே வந்தது. அதைப் பிடித்துக் குனிந்தால் மார்பு காற்றுக்கு முகம் கொடுக்காது. ஆனி, ஆடி மாதங்களில் மேலைக்காற்றை எதிர்த்து வில்லியனூரிலிருந்து மதகடிப்பட்டுப் பக்கம் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அடுத்தது கியர். நம் சாதாரண சைக்கிளில் பெடலை ஒரு சுற்று சுற்றினால் வண்டி சுமார் ஐந்தரை மீட்டர் நகரும். ஏற்றமானாலும் எதிர்க்காற்றானாலும் அதே ஐந்தரைதான். ரேஸ் சைக்கிளில் முன்னால் இரண்டு பல்சக்கரம், பின்னால் எட்டிலிருந்து பன்னிரண்டு வரை. முன்னால் 34 பல், பின்னால் 32 பல் என்று சங்கிலியை மாற்றினால் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டரும் கொஞ்சமும். 50க்கு 11 என்று மாற்றினால் ஒன்பதரை மீட்டர். கால் ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருக்கும். காற்றுக்கும் மேட்டுக்கும் ஏற்பப் பல்சக்கரங்கள் மாறிக்கொள்ளும். சங்கிலியை ஒரு பல்லிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் இந்த அமைப்புக்காகப் பிரான்சில் பல ஆண்டுகள் வாதாடியவர் பால் தெ விவீ. 1903இல் தொடங்கிய டூர் தெ பிரான்ஸ் போட்டியை நடத்தியவர்கள் அது பலவீனர்களுக்கானது என்று ஒதுக்கிவைத்து, 1937இல்தான் அனுமதித்தார்கள். 

மூன்றாவது எடை. கடையில் அதிகம் பேசப்படுவதும், நம் ஊருக்கு மிகக் குறைவாகத் தேவைப்படுவதும் இதுதான். பழைய இரும்புச் சைக்கிள் 20 கிலோவைத் தொடும். ரேஸ் சைக்கிள் 9, 10 கிலோ. அந்த வித்தியாசம் கையில் தூக்கும்போதே தெரியும். ஆனால் 10 கிலோவை 9 ஆக்க அலுமினியத்திலிருந்து கார்பனுக்குப் போனால் விலை பல மடங்காகிறது. ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்றால் அந்த ஒரு கிலோ நூற்றில் ஒன்றேகால் பங்கு. ஏற்காடு மலையேறுகிறவருக்கு அது கொஞ்சம் நேரத்தை மிச்சப்படுத்தும். திருபுவனைக்கும் திருக்கனூருக்கும் இடையில் எந்த மலை இருக்கிறது? கார்பனுக்காகக் கடன் வாங்குவது இங்கே வீண் என்றே நினைக்கிறேன்.

டயரைப் பற்றிக் கடையில் யாரும் சொல்லமாட்டார்கள். நம் ஊர் சைக்கிள் கடையில் தொங்கும் 28 அங்குல டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 635 மில்லிமீட்டர். ரேஸ் சைக்கிளின் ரிம் 622. பதின்மூன்று மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் ஒன்று மற்றொன்றில் ஏறாது. வால்டியூப் போட்ட நம் வால்வும் வேறு, அதன் ஒல்லி வால்வும் வேறு. பழைய கைப்பம்பு அதில் பொருந்தாமல் போகலாம். 25, 28 மில்லிமீட்டர் அகலமுள்ள அந்த டயரில் காற்று இறுக்கமாக இருக்க வேண்டும். கொஞ்சம் குறைந்து குழியில் இறங்கினால் ரிம் விளிம்பும் தரையும் டியூபை நசுக்கிவிடும். ஆகவே டியூப், பம்பு, பூட்டு, விளக்கு, தலைக்கவசம், பிறகு தேய்ந்துபோகும் சங்கிலி என்று எல்லாவற்றையும் விலையோடு கூட்டித்தான் கணக்குப் பார்க்க வேண்டும். தவணை ஓடிக்கொண்டிருக்கும்போதே இவையும் காசு கேட்கும்.

இனிக் கடன். மோட்டார் சைக்கிளுக்குக் கடன் எளிதாகக் கிடைப்பதன் காரணம் ஆர்.சி. புத்தகம். கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் அதில் ஏறிவிடும்; அந்த நிறுவனம் சம்மதிக்காமல் வண்டியை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. மிதிவண்டிக்குப் பதிவும் இல்லை, புத்தகமும் இல்லை. கொடுத்தவர் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால் அது பெரும்பாலும் அடமானமில்லாத கடனாக, கார்டுத் தவணையாக, வீட்டு உபயோகப் பொருள் கடனாக வருகிறது. அந்த ஆபத்துக்கான விலையை வட்டியாக நாம் கொடுக்கிறோம்.

ஒரு கணக்குப் போடுவோம். 45,000 ரூபாய், ஓராண்டுத் தவணை, 14 சதவீத நேர்வட்டி. வட்டி 6,300. மாதம் 4,275 கட்ட வேண்டும். 14 என்று கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வர, வட்டி மட்டும் முழு 45,000க்கும் போடப்பட்டிருக்கிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி ஏறக்குறைய 25 சதவீதம். வட்டியே இல்லாத தவணை என்றும் விளம்பரம் செய்கிறார்கள். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. அந்த வட்டி பொருளின் விலையிலோ, விட்டுக்கொடுத்த தள்ளுபடியிலோ, செயலாக்கக் கட்டணத்திலோ ஒளிந்திருக்கும். மொத்தமாகக் காசு கொடுத்தால் என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும். வெளியில் மூணு வட்டிக்கு வாங்கினால் ஆண்டுக்கு 36. வங்கி நகைக்கடனில் வட்டி இவற்றைவிடக் குறைவுதான். ஆனாலும் அம்மாவின் வளையலை அடகு வைத்து ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள் வாங்குவதை என்னால் ஏற்க முடியாது.

சைக்கிளுக்குக் கடனே வாங்கக் கூடாது என்று இதற்குப் பொருளில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுவையைப் போலவே புதுக்கோட்டை மாவட்டத்திலும் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தது. ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு பெண்களுக்குச் சைக்கிள் பழக்கத்தையும் சேர்த்தார். அவர்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் வழிசெய்தார். விவசாயக் கூலிகள், கல் குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் ஓட்டினார்கள். பெண்கள் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோக, ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். பாரில் குழந்தையை உட்கார வைக்க அது வசதி என்று விரும்பி வாங்கியவர்களும் உண்டு. பத்திரிகையாளர் பி. சாய்நாத் நேரில் போய் இதை எழுதியிருக்கிறார். அந்தச் சைக்கிள்கள் பஸ்ஸுக்குக் காத்திருந்த மணிகளை மிச்சமாக்கின, விளைந்ததை இன்னும் இரண்டு ஊர் தள்ளிக் கொண்டுபோய் விற்க வைத்தன. தவணையை அந்த வண்டியே சம்பாதித்தது.

திருபுவனை தொழிற்பேட்டைக்கோ மதகடிப்பட்டுக் கல்லூரிக்கோ தினமும் போக வேண்டியவர், பஸ்ஸுக்கும் பெட்ரோலுக்கும் மாதம் எவ்வளவு செலவாகிறது என்று எழுதிப் பார்க்கலாம். அந்தத் தொகைக்குள் தவணை அடங்கினால் கடன் வாங்கலாம். அதற்கு 10,000 ரூபாய்ச் சைக்கிளே போதும். மட்கார்டும் கேரியரும் அதில்தான் இருக்கும். ரேஸ் சைக்கிளில் பெரும்பாலும் இரண்டும் இல்லை. ஐப்பசி மழையில் முதுகெல்லாம் சேறு. வேகத்துக்காக, நெடுந்தூரத்துக்காக, 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்கும் பிரெவே ஓட்டங்களுக்காக அது வேண்டுமென்றால், அந்த ஆசையை நான் மதிக்கிறேன். இருக்கிற சைக்கிளில் வாரம் நான்கு நாள் மிதித்துக்கொண்டே, அந்த 4,275 ரூபாயை ஒரு சேமிப்புக் கணக்கில் மாதாமாதம் போட்டு வாருங்கள். பத்து மாதத்தில் 42,750 சேரும். காலும் பழகியிருக்கும்.

அந்தப் பணத்துக்குச் சென்னையிலோ புதுவையிலோ ஒருவர் ஓட்டிய வண்டி இன்னும் நல்லதாகவே கிடைக்கலாம். பார்க்கும்போது பளபளப்பில் மயங்காமல், சட்டத்தின் குழாய்கள் சேரும் இடங்களையும், கைப்பிடிக்குக் கீழே உள்ள தலைக்குழாயையும் துணியால் துடைத்துவிட்டு மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். அலுமினியச் சட்டத்துக்கு வலு வருவதே தொழிற்சாலையில் செய்யும் வெப்பப் பதனத்தால். பட்டறையில் வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் வலு போய்விடும், மணிக்கு 35 கிலோமீட்டரில் போகும்போது அங்கே மறுபடி விரிசல் விடும்.