பழைய காரின் நோய் அறிதல்: பாகத்தை மாற்றுவதற்கு முன்னர் பிழையைத் தேடுவோம்

கடந்த ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், வவுனியா நகரில் புகையிரதக் கடவை மூடப்பட்டிருந்தபோது எனது காரின் வெப்பமானி முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. பின் ஆசனத்தில் அம்மா சாய்ந்திருந்தார். அவருக்கு வாரத்தில் இரண்டு நாட்கள் இரத்தச் சுத்திகரிப்பு நடக்கிறது. அது முடிந்து வரும் வேளையில் அவரால் பஸ்ஸில் நின்று வர முடியாது. முச்சக்கர வண்டியின் குலுக்கலையும் தாங்கமாட்டார். ஆகவே இந்தக் கார் எங்கள் வீட்டில் ஆடம்பரம் அல்ல, மருந்துப் பட்டியலில் உள்ள ஒரு மருந்து மாதிரி.

கார் 1997ஆம் ஆண்டு யப்பானில் தயாரான ரொயோட்டா கொரோலா 110. அப்பா விட்டுச் சென்றது. அன்று அதை இழுத்துச் சென்ற கராஜில் பொனற்றைத் திறந்து பார்த்தவர் ஐந்து நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னார்: "ஹெட் கஸ்கற் போட்டுது தங்கச்சி. எஞ்சினும் களைச்சுப் போச்சு. யப்பான் எஞ்சின் ஒண்டு எடுத்துப் போடுறதுதான் நல்லம்." அவர் சொன்ன தொகை எனது ஆசிரியச் சம்பளத்தின் பல மாதங்களுக்குச் சமன்.

காரை விற்றுவிட்டு வேறொன்று வாங்கவும் வழியில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. திறந்தபோதும் வரிச்சுமை காரணமாக விலை எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத இடத்தில் நின்றது. இந்த இடைக்காலத்தில் இருபத்தைந்து, முப்பது வருடப் பழைய கார்களே நாட்டில் பல குடும்பங்களைச் சுமந்தன, இன்றும் சுமக்கின்றன. அவற்றின் நோயை அறிந்துகொள்வது எங்களுக்குத் தேவையான ஒரு கல்வி. நான் மெக்கானிக் அல்ல. என் பிழைகளிலிருந்தும், பொறுமையாக விளக்கிய ஒரு வயதான மெக்கானிக் அண்ணையிடமிருந்தும் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

எப்போது சூடாகிறது?

அந்த அண்ணை காரைப் பார்க்க முன்னர் என்னைத்தான் விசாரித்தார். "ஓடேக்க சூடாகுதா, நிக்கேக்க சூடாகுதா?" யோசித்துப் பார்த்தேன். ஓமந்தைப் பக்கம் ஏ9 வீதியில் அறுபது கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது முள் நடுவில் அசையாமல் நிற்கும். நகர நெரிசலில் பத்து நிமிடம் நின்றால்தான் ஏறும்.

பாதி விடை இதிலேயே இருக்கிறது. ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேற்றரைக் குளிர்விக்கும். நிற்கும்போது அந்த வேலையை மின்விசிறி செய்யவேண்டும். நிற்கும்போது மட்டும் சூடானால் முதலில் சந்தேகிக்கவேண்டியது விசிறியை. வேகமாக ஓடும்போது சூடானால் ரேடியேற்றர் அடைப்பு, தண்ணீர்க் குறைவு, வோட்டர் பம்ப், திறக்காத தேர்மோஸ்ராற் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும்.

இந்த வகைக் கொரோலாவில் வெப்ப ஸ்விச்சின் வயரைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினால் விசிறி ஓடவேண்டும். எனது காரில் ஓடவில்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. பற்றரியிலிருந்து நேரடியாக மோட்டருக்கு மின் கொடுத்தோம், அப்போதும் அசையவில்லை. ஸ்குறூ டிரைவரின் பிடியால் மோட்டரை மெல்லத் தட்டியதும் தயங்கித் தயங்கிச் சுற்றியது. உள்ளே இருக்கும் காபன் பிறஷ்கள் தேய்ந்திருந்தன. பிழை எஞ்சினில் இல்லை, விசிறி மோட்டரில்தான்.

ஹெட் கஸ்கற் போகவில்லை என்பதையும் உறுதிசெய்யவேண்டியிருந்தது. ஒயில் பார்க்கும் கம்பியில் பால்தேநீர் நிறப் படிவு இல்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேற்றர் மூடியைத் திறந்துவைத்து ஸ்ராட் பண்ணியபோது தொடர்ச்சியான குமிழிகள் வரவில்லை. சைலன்சரில் வெள்ளைப் புகையும் இல்லை. ஆனால் தண்ணீர் குறைந்துகொண்டிருந்தது. காரணம் ரேடியேற்றர் மூடியின் இறப்பர் காய்ந்து போனதுதான். அந்தச் சிறிய மூடி அமுக்கத்தைப் பிடித்துவைப்பதால்தான் உள்ளே இருக்கும் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காமல் ஏறத்தாழ 120 பாகை வரை தாங்குகிறது. மூடி பிடிக்காவிட்டால் தண்ணீர் முன்னதாகவே கொதித்து வெளியேறும்.

பாவித்த மோட்டர் ஒன்றும் புதிய மூடி ஒன்றும் போட்டோம். கூலியுடன் சேர்த்து இருபதாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

எங்கள் பகுதிக்குரிய இன்னொரு பிரச்சினை கிணற்றுத் தண்ணீர். கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிகிறது. எங்கள் வீட்டுக் கிணற்று நீரை வடிகட்டாமல் அம்மா குடிக்கக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். காருக்கு மட்டும் அதையே வருடக்கணக்காக ஊற்றிவந்தோம். இப்போது கூலன்ற்றை வடித்த நீருடன் கலந்து ஊற்றுகிறோம்.

சூடாகிறது என்று சொல்லி தேர்மோஸ்ராற்றைக் கழற்றி எறிவது பல கராஜ்களில் வழக்கம். அப்படிச் செய்தால் எஞ்சின் தனக்குரிய வெப்பநிலைக்கு வர நெடுநேரம் எடுக்கும். பெற்றோல் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் கூடும். அது பழுதா என்று அறிய ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் போட்டுச் சூடாக்கினால் போதும். ஏறத்தாழ 82 பாகையில் திறக்கத் தொடங்கவேண்டும்.

வீதியில் முள் ஏறினால் ஏசியை நிறுத்துங்கள். ஹீற்றரை முழுமையாகத் திறந்துவிடுங்கள். எஞ்சினின் சூட்டில் ஒரு பகுதி உள்ளே வரும், வியர்த்தாலும் எஞ்சின் தப்பும். அதற்கும் இறங்காவிட்டால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். சூடான மூடியை ஒருபோதும் திறக்கக்கூடாது, முகம் வெந்துவிடும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுவதும் கூடாது.

ஸ்ராட் ஆகவில்லையா?

சாவியைத் திருப்பும்போது என்ன சத்தம் கேட்கிறது என்று கவனியுங்கள். எந்தச் சத்தமும் இல்லை, டாஷ்போர்ட் விளக்குகளும் மங்குகின்றன என்றால் பற்றரி அல்லது அதன் முனைகள். முனைகளில் பூக்கும் வெள்ளை, பச்சைப் பூச்சைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, காயவிட்டு இறுக்கினாலே பல கார்கள் உயிர்பெறும். விளக்குகள் பிரகாசமாக இருந்து ஒரேயொரு "டக்" சத்தம் மட்டும் கேட்டால் ஸ்ராட்டருக்குள் இருக்கும் செப்புத் தொடுகைகள் தேய்ந்திருக்கலாம். பழைய ரொயோட்டாக்களில் இது சாதாரணம். முழு ஸ்ராட்டரையும் மாற்றாமல் அந்தத் தொடுகைகளை மட்டும் மாற்றலாம்.

ஒரு மல்ரிமீற்றர் வாங்கி வைத்திருங்கள். எஞ்சின் ஓய்ந்திருக்கும்போது பற்றரி 12.6 வோல்ற் அளவில் காட்டினால் நிறைவு. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டவேண்டும். காட்டாவிட்டால் குற்றவாளி பற்றரி அல்ல, அல்டனேற்றர் அல்லது அதன் பெல்ற். இதைப் பார்க்காமல் நான் ஒருமுறை புதுப் பற்றரி வாங்கினேன். மூன்றாம் நாள் அதுவும் இறங்கியது.

எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் தீப்பொறி, எரிபொருள் இரண்டில் ஒன்று வரவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் காலையில் மட்டும் இப்படி நடந்தால் டிஸ்ரிபியூற்றர் மூடியைக் கழற்றிப் பாருங்கள். மயிரிழை வெடிப்புக்குள் ஈரம் புகுந்திருக்கும். துடைத்துக் காயவைத்தால் அன்றைக்கு ஓடும். மூடியை மாற்றினால்தான் நிலையான தீர்வு.

புகையும் விளக்கும் சொல்வது

நீலப்புகை என்றால் ஒயில் எரிகிறது. காலையில் முதல் ஸ்ராட்டில் மட்டும் வந்து மறைந்தால் வால்வ் சீல்கள். ஏற்றத்திலும் வேகமெடுக்கும்போதும் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் றிங்குகள். முதலாவது சிறிய செலவு, இரண்டாவது பெரிய செலவு. இரண்டையும் வேறுபடுத்தாமல் எஞ்சினை இறக்கக் கொடுக்காதீர்கள். கறுப்புப் புகை என்றால் பெற்றோல் அளவுக்கு மிஞ்சிப் போகிறது. எஞ்சின் சூடான பின்னரும் வெள்ளைப் புகை ஓயாமல் வந்து, தண்ணீரும் குறைந்தால் அப்போதுதான் ஹெட் கஸ்கற்றைச் சந்தேகிக்கவேண்டும்.

எஞ்சின் விளக்கு எரிந்தால், 1990களின் ரொயோட்டாக்களில் கணினிக் கருவி இல்லாமலும் காரணத்தை வாசிக்கலாம். பொனற்றுக்குள் இருக்கும் சோதனைப் பெட்டியில் டிஈ1, ஈ1 என்ற இரு முனைகளை ஒரு துண்டு வயரால் இணைத்துச் சாவியைத் திருப்பினால் விளக்கு எண்ணிக்கையில் கண் சிமிட்டும். 22 என்றால் தண்ணீர் வெப்ப உணரி, 21 என்றால் ஒட்சிசன் உணரி. இடைவிடாமல் ஒரே சீராகச் சிமிட்டினால் பிழை எதுவும் பதிவாகவில்லை. மூடியின் உட்புறத்தில் முனைகளின் படம் இருக்கும். அதைப் பார்க்காமல் ஊகித்து இணைக்கவேண்டாம்.

தள்ளிப்போடக்கூடாதவை

பிரேக் எண்ணெய் மாதக்கணக்கில் மெல்லக் குறைந்தால் பாட்கள் தேய்கின்றன. சில நாட்களில் குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. பின் சக்கரங்களின் உட்பக்கம் ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். பெடல் மிதிக்க மிதிக்கக் கீழே இறங்கினால் காரை எடுக்கவே வேண்டாம். அவசரத்துக்கு எஞ்சின் ஒயிலை பிரேக் எண்ணெய்த் தாங்கியில் ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். அது உள்ளே இருக்கும் இறப்பர்களை ஊதச்செய்து முழு அமைப்பையும் கெடுக்கும்.

ஸ்ரியறிங்கை முழுதாகத் திருப்பி ஓட்டும்போது "கட கட" என்று முன் சக்கரத்தில் கேட்டால் சிவி ஜொயின்ற். அதன் இறப்பர் உறை கிழிந்த அன்றே மாற்றியிருந்தால் ஜொயின்ற் தப்பியிருக்கும். கிறவல் வீதியின் மணல் கிறீசுடன் கலந்தால் அதை அரைத்துவிடும்.

ரைமிங் பெல்ற்றை 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றவேண்டும். எனது காரில் உள்ள 5ஏ எஞ்சினில் பெல்ற் அறுந்தாலும் பொதுவாக வால்வுகள் வளைவதில்லை. ஆனால் அறுந்த இடத்திலேயே கார் நின்றுவிடும். கனகராயன்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையில் இரவில் நோயாளியுடன் நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

கேட்கவேண்டிய கேள்வி

போர்க்காலத்தில் எரிபொருள் தடை இருந்தபோது, சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர்கள் எங்களுடையவை. 2022இல் கியூஆர் அட்டையுடன் வரிசையில் நின்றபோது அப்பா அந்தக் கதைகளைச் சொன்னார். அன்றைய மெக்கானிக்குகளுக்கு மாற்றுவதற்குப் பாகம் இருக்கவில்லை. அதனால் பிழையைத் தேடியே தீரவேண்டியிருந்தது. இப்போது பாகங்கள் கிடைக்கின்றன, தேடும் பழக்கம் குறைந்துவிட்டது.

முதல் கராஜ்காரர் என்னை ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்லமாட்டேன். அவர் சோதித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். நானும் கேட்கவில்லை. இப்போது எந்தக் கராஜிலும் ஒரு கேள்வி கேட்கிறேன்: "அண்ணை, இதுதான் பிழை எண்டு எப்பிடித் தெரியும்?" நல்ல மெக்கானிக் கோபப்படமாட்டார், காட்டுவார்.

கையுறைப் பெட்டிக்குள் ஒரு கொப்பியும் வைத்திருக்கிறேன். என்ன சத்தம், எப்போது, எத்தனையாவது கிலோமீற்றரில், எதை மாற்றினோம் என்று திகதியுடன் எழுதுகிறேன். அதே உறையில்தான் அம்மாவின் கிளினிக் கொப்பியும் இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் காலை ஆறு மணிக்கு முதலில் ஒயில், தண்ணீர், பிரேக் எண்ணெய், ரயர் காற்று நான்கையும் பார்ப்பேன். ஐந்து நிமிட வேலை. பிறகுதான் அம்மாவைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து காரில் ஏற்றுவேன்.